மைலோ டின்னில் 23 வெள்ளி

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "பழைய வெள்ளிக் காசு வைத்திருப்பவர்கள் முதலில் அதை நிறுத்துப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், பினாங்கில் பாதி வீட்டு அலமாரியில் புதையல் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க வெள்ளிக் காசுதான். மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீடு மாறும்போது அவருடைய பழைய மைலோ டின் ஒன்று கிடைத்தது. உள்ளே 23 வெள்ளிக் காசுகள். சிலவற்றில் ஒரு பெண் சூலாயுதத்தோடு நிற்கிறாள். மற்றவற்றில் கிரீடம் வைத்த ராஜா. ராஜா காசு எல்லாவற்றிலும் 'ஒரு டாலர்' என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் கையில் தூக்கினால் மூன்று விதமான கனம். கனம் குறைந்ததெல்லாம் போலி என்கிறார் என் மச்சான். காந்தம் எதிலும் ஒட்டவில்லை. வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?
— புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

பதில்: முதலில் மச்சான் கையிலிருந்து டின்னை வாங்கி வையுங்கள் தம்பி. நல்ல காசைப் போலி என்று தள்ளுவதும் நஷ்டம்தான்.

அந்த மூன்று கனத்துக்கும் காரணம் இருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் தனக்கென்று டாலர் அடிக்க ஆரம்பித்தது 1903-இல். ஏழாம் எட்வர்டு தலை போட்ட அந்தக் காசு 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1906-இல் டாலருக்கு இத்தனை பவுன் என்று தங்கத்தோடு விலையைக் கட்டிவிட்டார்கள். வெள்ளி விலை ஏறியது. காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்ற நிலை வந்ததும் 1907-இல் எடையைக் குறைத்தார்கள், 20.2 கிராம். முதல் உலகப்போரில் வெள்ளி மறுபடியும் எகிறியது. 1919 முதல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் டாலர் 16.85 கிராம்தான், அதிலும் வெள்ளி சரிபாதி. ஆக ஒரே டாலர், மூன்று எடை. ஆண்டைப் பார்த்து அதற்குரிய எடையோடு ஒப்பிட வேண்டும். பாதி வெள்ளிக் காசு தேய்ந்த இடத்தில் லேசாக மஞ்சள் தட்டும், அதற்கும் பயப்பட வேண்டாம். ராஜா வலப்பக்கம் பார்த்தால் எட்வர்டு, இடப்பக்கம் பார்த்தால் ஜார்ஜ்.

சூலாயுதப் பெண் பிரிட்டானியா, பிரிட்டனையே ஒரு பெண்ணாக உருவகித்தது. அது பிரிட்டிஷ் வணிக டாலர், 1895 முதல் 1935 வரை ஆண்டு போட்டு வந்தது. பின்பக்கம் சீனத்திலும் ஜாவியிலும் 'ஒரு டாலர்' என்று இருக்கும். எடை 26.95 கிராம், குறுக்களவு 39 மில்லிமீட்டர், வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு. பெரும்பாலானவை பம்பாயில் அடித்தவை. சூலத்தின் நடுமுனையில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டியாக 'பி' எழுத்து தெரியும். கல்கத்தாவில் அடித்தது என்றால் 'சி' எழுத்து பிரிட்டானியாவின் காலுக்கும் கேடயத்துக்கும் நடுவே தரையில் இருக்கும். நாம் ரிங்கிட்டை இன்றுவரை 'வெள்ளி' என்று சொல்கிறோமே, 'அஞ்சு வெள்ளிக்கு நாசி கண்டார்' என்கிறோமே, அது இந்தக் காசுகள் கையில் புழங்கிய காலத்துச் சொல்தான். மலாய்க்காரர் சொல்லும் ரிங்கிட்டுக்கும் 'பல் பல்லாக இருப்பது' என்றுதான் பொருள். பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர். அவர்கள் ஓரத்தைப் பார்த்தார்கள், நாம் உலோகத்தைப் பார்த்தோம். போலி பிடிக்க இரண்டும் வேண்டும்.

காந்தத்தை எடுத்து மூலையில் வையுங்கள். வெள்ளியில் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. செம்பில் ஒட்டுமா? பித்தளையில்? ஈயத்தில்? எதிலும் ஒட்டாது. காந்தத்தால் இரும்புப் போலியை மட்டும் விரட்டலாம், அதற்கு மேல் அது சாட்சி சொல்லாது. ஐஸ் கட்டி வைத்து 'சீக்கிரம் உருகுகிறது பார்' என்று காட்டுவதும் அப்படித்தான். செம்பும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் உருக்கும்.

என் சமையலறை மேசையில் நான் செய்வதைச் சொல்கிறேன். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், நகை நிறுப்பது போன்றது. முதலில் காசை அப்படியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் குவளையில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசைத் தையல் நூலில் சுருக்குப் போட்டுக் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியில் தட்டக்கூடாது, பக்கத்தில் உரசக்கூடாது, கை நடுங்கக்கூடாது. எனக்கு இப்போது கை நடுங்குகிறது, அதனால் நூலை ஒரு சோப்ஸ்டிக்கில் கட்டி இரண்டு டின்களுக்குக் குறுக்கே வைத்துவிடுகிறேன். காசில் காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்கு கெடும். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரே சொட்டைத் தண்ணீரில் கலந்தால் குமிழி நிற்காது.

இப்போது தராசு ஓர் எண் காட்டும். 26.95 கிராம் நல்ல வணிக டாலர் என்றால் 2.61 பக்கம் நிற்கும். முதல் எடையை இந்த எண்ணால் வகுங்கள். 10.3 வந்தால் தொண்ணூறு பங்கு வெள்ளிக்குச் சரி. பாதி வெள்ளி ஜார்ஜ் டாலருக்கு 9.6 அல்லது 9.7 வரும். செம்பு 8.9. பித்தளை 8.5 அக்கம்பக்கம். இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்ததே, காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இது மாறாது என்பதுதான். நூறு வருடம் கைமாறிய காசு கால் கிராம், அரை கிராம் குறைந்துதான் இருக்கும். எடை குறைந்ததால் சந்தேகம் வந்தால் தண்ணீர் தீர்த்துவைக்கும்.

ஒரு ஓட்டை இதிலும் உண்டு. ஈயம் வெள்ளியைவிடக் கனம், தகரம் லேசு. இரண்டையும் பக்குவமாகக் கலந்தால் 10.3 வரவைக்கலாம். ஆனால் அந்தக் காசு மென்மை. நகத்தால் ஓரத்தை அழுத்தினாலே தடம் விழும். தட்டினால் சத்தமே வராது. அதனால் அடுத்தது காது.

நான் 1978-இல், பதினேழு வயதில், பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு காசு மாற்றும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி பாய் ராமநாதபுரத்துக்காரர். வெள்ளி டாலர் கடைக்கு வந்தால் கண்ணாடிகூட எடுக்கமாட்டார். இடது ஆள்காட்டி விரல் நுனியில் காசைப் படுக்கவைத்து, இன்னொரு காசின் ஓரத்தால் மெல்லத் தட்டுவார். நல்ல காசு கோயில் மணி ஓய்வதுபோல் இழுத்து ஓயும். போலி 'டொக்' என்று முடிந்துவிடும். இந்த வேலைக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு, நோட்டம் பார்ப்பது. இன்று திருடன் வீட்டை நோட்டம் பார்க்கிறான் என்கிறோம். அன்று காசை நோட்டம் பார்ப்பவர்தான் நோட்டக்காரர். அதற்கும் முன்னால் வண்ணக்கர் என்றிருக்கிறார்கள், சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சத்தத்திலும் ஒரு எச்சரிக்கை: உள்ளே விரிசல் விட்ட காசும், வளையம் பற்றவைத்த காசும் உண்மையாகவே இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். தரையில் போட்டுப் பார்க்காதீர்கள். ஓரம் நசுங்கினால் விலை போச்சு.

எனக்கு நடந்ததைச் சொன்னால் மச்சான் சந்தோஷப்படுவார். 1994-இல் ஒருவர் கடைக்கு வெளியே வைத்து எனக்கு ஒரு பிரிட்டானியா டாலர் விற்றார். பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோப்பில் கிணறு தூர்வாரியபோது ஒரு ஜாடி கிடைத்ததாம். ஜப்பான்காரன் காலத்தில் புதைத்ததாம். காசில் சீன வியாபாரிகள் குத்தும் சாப் முத்திரை இரண்டு இருந்தது. அந்தக் காலத்தில் சோதித்துப் பார்த்து 'சரி' என்று குத்திய அடையாளம்தானே, இரண்டு பேர் சோதித்த காசு என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவ்வளவு வருடம் கல்லாவில் நின்றவன், நிறுக்கவில்லை, தட்டவில்லை. 80 வெள்ளி கொடுத்தேன். உள்ளே போய்ப் பெருமையாகப் பாயிடம் நீட்டினேன். விரலில் வைத்தார், தட்டினார். "தம்பி, நல்ல காசு பாடும். இது இருமுது" என்றார்.

அப்புறம்தான் நிறுத்தேன். 24.12 கிராம். பல வருடம் கழித்துத் தண்ணீர்க் கணக்கு தெரிந்தபோது அதையும் போட்டேன்: 2.82. வகுத்தால் 8.55. ஆனால் இது எதுவுமே தேவைப்பட்டிருக்காது. காசில் போட்டிருந்த ஆண்டு 1906. பிரிட்டிஷ் வணிக டாலர் 1905-லும் 1906-லும் அடிக்கவே இல்லை. 1914 முதல் 1920 வரையும் இல்லை. கையில் இருந்தது என்றுமே பிறக்காத காசு. சாப் முத்திரையும் போலிதான், காசைச் செய்தவனே குத்தியது. நான் ஏமாந்தது காசில் இல்லை, கிணற்றில். கதையோடு வரும் காசை முதலில் கதையைக் கழற்றிவிட்டு நிறுங்கள்.

உங்கள் தாத்தா கதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் காலத்திலேயே ஈயக் காசும் முலாம் பூசிய காசும் புழங்கின. யாரோ அவர் கூலியில் ஒன்றைக் கலந்து கொடுத்திருக்கலாம். அவர் செலவழிக்க முடியாமல் டின்னில் போட்டிருக்கலாம்.

இனி ஓரம். லென்ஸ் வைத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அச்சில் அடித்த காசில் பற்கள் ஒரே சீராக, நிமிர்ந்து இருக்கும். வார்த்த காசில் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடு ஓரத்தில் ஓடும். அதை அரம் வைத்து ராவியிருந்தால் அங்கே மட்டும் பற்கள் மழுங்கியிருக்கும். முகப்பில் ஊசிமுனை அளவு குழிகள், கொப்புளங்கள் தெரிந்தால் அது வார்ப்பில் சிக்கிய காற்று. எழுத்து பளிச்சென்று எழும்பாமல், வெயிலில் வைத்த வெண்ணெய்போல் ஓரம் கரைந்து நிற்கும். தேய்ந்த காசிலும் எழுத்து மங்கும், ஆனால் தேய்மானம் மேட்டிலிருந்துதான் தொடங்கும். பள்ளத்தில் இருப்பதும் சேர்ந்து மழுங்கியிருந்தால் அது தேய்மானம் இல்லை.

பிரிட்டானியா காசுகளை மட்டும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பித்தளையில் 27 கிராம் வரவைக்க வேண்டுமென்றால் காசைத் தடிமனாக்கியே ஆக வேண்டும், கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அடுக்கில் பக்கத்துக் காசோடு பார்த்தால் பல்லிளிக்கும். அதோடு, இரண்டு காசில் அதே இடத்தில் அதே கீறல் இருக்கிறதா பாருங்கள். உண்மைக் காசுகளுக்குக் காயம் வேறு வேறு. ஒரே நல்ல காசிலிருந்து அச்சு எடுத்தவனுக்கு அந்தக் காசின் காயமும் சேர்ந்தே அச்சாகிவிடும்.

இவ்வளவும் தேறிய பிறகும் ஒன்று பாக்கி. அரிய ஆண்டுக் காசுகளை இப்போது நல்ல வெள்ளியிலேயே அடிக்கிறார்கள். சாதாரண ஆண்டின் எண்ணைச் சுரண்டி அரிய ஆண்டாக மாற்றுவதும் உண்டு. அவற்றைத் தராசும் பிடிக்காது, தண்ணீரும் பிடிக்காது. உங்கள் 23-இல் அப்படி விலையுள்ள ஆண்டு ஏதாவது இருந்தால் அதை மட்டும் தரம் பிரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மற்றவற்றுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: அண்ணே, லோரோங் கூலிட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனாவின் 'பெரிய தலை' வெள்ளிக் காசு 25 வெள்ளிக்கு வாங்கினேன். கடைக்காரர் 40 சொன்னார், நான் பேரம் பேசிக் குறைத்தேன். நல்ல வாங்கலா?
— ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: பேரம் நல்ல பேரம்.

யுவான் ஷிகாய் தலை போட்ட அந்த டாலர் 1914-இல் தொடங்கியது. உண்மைக் காசில் ஏறக்குறைய 24 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். இன்று 24 கிராம் வெள்ளி என்ன விலை என்று லிட்டில் இந்தியாவில் எந்த நகைக்கடையிலும் கேளுங்கள். உருக்கினாலே பல மடங்கு கிடைக்கும் ஒன்றை, காலை ஏழு மணிக்குப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் 25-க்கு ஏன் கொடுக்க வேண்டும்? அவருக்குத் தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும். அதே பாயில் அதே காசு இன்னும் பத்து இருந்திருக்குமே, எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி கறுத்து?

அந்தச் சந்தையைக் குறை சொல்லவில்லை. நானும் போகிறேன். பழைய டிபன் கேரியர், மண்ணெண்ணெய் விளக்கு, பீங்கான் எல்லாம் அங்கே நல்லதாகவே கிடைக்கும். அந்தச் சீனக் காசு ஆசியா முழுக்க அதிகமாகப் போலியாகும் காசுகளில் ஒன்று, அவ்வளவுதான். நிறுத்துப் பாருங்கள். 26 கிராமுக்குக் கீழே என்றால் தண்ணீர்க் குவளைகூடத் தேவையில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பாயி போட்டிருந்த காசுமாலை என்னிடம் இருக்கிறது. விக்டோரியா ராணி ரூபாய் 15. சிலவற்றில் ராணி என்றும் சிலவற்றில் பேரரசி என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. நிறுத்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம். எல்லாம் வெள்ளிதானா?
— பட்டர்வொர்த் வாசகி

பதில்: அம்மா, மாலையைப் பிரிக்காமல் படித்து முடியுங்கள்.

இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. உங்கள் காசுகளில் வளையம் பற்றவைத்திருப்பார்கள், அதனால் எடை கூடும். துளை போட்டிருந்தால் குறையும். பற்றுக்குப் போட்ட உலோகம் வேறு என்பதால் தண்ணீர்க் கணக்கும் கொஞ்சம் பிசகும். 10-க்கு மேல் வந்தால் திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

ராணி, பேரரசி வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைத்த நல்ல சோதனை. 1876 வரை ஆண்டு போட்ட ரூபாயில் ராணி. 1877 முதல் பேரரசி. 1862 என்று போட்டுப் பேரரசி என்றிருந்தாலோ, 1890 என்று போட்டு ராணி என்றிருந்தாலோ அது ரூபாய் இல்லை.

ஆனால் போலி என்ற வார்த்தையை இங்கே நான் யோசித்துத்தான் போடுவேன். மாலைக்கு எண்ணிக்கை குறைந்தால் ஆசாரியே ஒரு நல்ல ரூபாயில் அச்செடுத்து வெள்ளியில் வார்த்துக் கோத்துவிடுவது ஊரில் வழக்கம். ஏமாற்ற அல்ல, மாலை நிரம்ப வேண்டுமே என்று. பதினைந்தில் இரண்டோ மூன்றோ அப்படி இருந்தால் அது உங்கள் அப்பாயியின் ஆசாரி கைவேலை. காசு சேகரிப்பவர் அதற்கு விலை தரமாட்டார், நீங்களும் விற்கவேண்டாம். வளையம் பற்றிய காசுக்கு எப்படியும் சேகரிப்பு விலை பாதிகூடத் தேறாது. கல்யாணத்துக்குப் போடுங்கள்.

கேள்வி: வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. காசுக்கும் செய்யலாமா?
— பிறை வாசகி

பதில்: கூடாது. விபூதி, புளி, பற்பசை எதுவும் கூடாது. அந்தக் கறுப்பு, வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து தானாகப் படிந்தது. அதுவும் ஒரு சாட்சி. போலி செய்பவன் கறுப்பைப் பூசுவான். அது பள்ளத்தில் மைபோல் தேங்கியிருக்கும், நல்லெண்ணெய் தொட்ட பஞ்சிலேயே சிலசமயம் கழன்று வரும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைப் பார்த்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார், விலையும் பாதியாகும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. பி.வி.சி. உறையில் வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பச்சையாகப் பிசுபிசுக்கும். மூடி இறுகிய டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம், அது போதும்.

கேள்வி: எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி 1818-இல் வெளியிட்ட காசு இருக்கிறது. ஒரு பக்கம் ராமர், சீதை, அனுமார். அரிசியைத் தன் பக்கம் இழுக்கிறது, நானே பார்த்தேன். வெளிநாட்டுக்காரர் கோடிக்கணக்கில் வாங்கத் தயாராம். 'சோதனைச் செலவு'க்கு 5,000 வெள்ளி பங்கு கேட்கிறார்.
— செந்தூல், கோலாலம்பூர் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். இதை எழுதி அச்சில் வருவதற்குள் கொடுத்திருந்தால் போலீசில் புகார் செய்யுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளம், பம்பாய், சென்னை மூன்றுக்கும் தனித்தனியாகக் காசு அடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வகைக் காசு வந்தது 1835-இல்தான். ராமர் பட்டாபிஷேகம் போட்டு அணா என்று அது எந்த ஆண்டிலும் வெளியிடவில்லை. உங்கள் நண்பரிடம் இருப்பது கோயில் வாசலில் விற்கும் வில்லை. பக்தியோடு பூஜையில் வைக்கச் செய்தது, அதில் தப்பில்லை. ஆண்டும் கம்பெனி பெயரும் அதில் ஒட்டுவேலை. அரிசி நகர்ந்தது என்றால், அரிசிக்குள் என்ன கலந்திருந்தது என்று பாருங்கள். இரும்புத்தூள் தடவிய அரிசி, காந்தம் பதித்த வில்லை, இந்த வித்தை ஊரில் 'இரிடியம்' என்றும் 'ரைஸ் புல்லிங்' என்றும் பேர் மாற்றிப் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்தமுறை உங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நகைக்கடையில் துப்பாக்கிபோல் ஒரு கருவியை வைத்து 'வெள்ளி 92 சதவீதம்' என்று சொன்னார்கள். அது போதாதா? பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரச்சான்றோடு வரும் காசை நம்பலாமா?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: அந்த எக்ஸ்ரே கருவி நல்ல கருவி. காசுக்குச் சேதம் இல்லை, உரைகல்லில் இழுத்து அமிலம் விடுவதுபோல் தழும்பு விழாது. ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். கனமாக வெள்ளி முலாம் பூசிய செம்புக்கும் 92 என்று சொல்லிவிடும். இன்னொன்றும் கவனியுங்கள்: 1920 டாலரில் 92 சதவீதம் காட்டினால் அதுவே சந்தேகம். அதில் பாதிதானே இருக்க வேண்டும்? பழைய பாதி வெள்ளிக் காசின் தோலில் வெள்ளி கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்பது சரி, அதனால் எண்ணைப் பார்த்ததும் தூக்கிப் போடாமல் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பெட்டிக் காசு விஷயத்தில், காசைத் தரம் பிரிக்கும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. நிறுவனங்கள் இரண்டின் சான்றும் உலகம் முழுக்கச் செல்லும். அதனாலேயே பெட்டியையும் சேர்த்துப் போலி செய்கிறார்கள். பெட்டியிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, உண்மையான ஒரு பெட்டியின் எண்ணையே நூறு போலிக்கு ஒட்டியிருப்பார்கள். அங்கே படம் இருந்தால் காசின் கீறல், கறை ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: போலி என்று தெரிந்த காசை என்ன செய்வது? தூக்கிப் போட மனமில்லை.
— தஞ்சோங் பூங்கா வாசகர்

பதில்: அந்தக் காலத்திலேயே செய்து சந்தையில் ஓடிய கள்ளக்காசு என்றால் பத்திரப்படுத்துங்கள். அதைத் தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள், கள்ளக்காசு என்று சொல்லியே வாங்குவார்கள், விற்பார்கள். புதுப் போலி என்றால் நல்ல காசோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் பிரித்துப் பார்க்கமாட்டார்கள், அப்படியே யாரிடமோ விற்று அவப்பெயர் வாங்குவார்கள்.

என் 1906-ஐப் பல வருடம் மேசை டிராயரிலேயே போட்டு வைத்திருந்தேன். போன வருடம் பேத்தி அதை எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் தாத்தாவின் வெள்ளிப் பணம்' என்று காட்டிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலமே பக்கத்து வொர்க்ஷாப்பில் கொடுத்து நடுவில் துளை போடச் சொன்னேன். பையன் துளையிட்டு ஊதிவிட்டு என் கையில் கொடுத்தான். முகப்பு வெள்ளையாகத்தான் இருந்தது. துளையின் உள்சுவர் மட்டும் குத்துவிளக்கு நிறத்தில் மஞ்சளாக மின்னியது.